என்எஸ்-3 கூட மூணு வருஷம்: ஏஓடிவியா, ஓஎல்எஸ்ஆரா?

பெங்களூர்ல வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைமா பிஎச்டி பண்றேன், பிடிஎம் லேஅவுட் ரூம்ல ராத்திரி பத்து மணிக்கு மேலதான் சிமுலேஷனுக்கு நேரம் கிடைக்கும். மூணு வருஷமா என்எஸ்-3ல, அதாவது நெட்வொர்க்கை கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்குற சாஃப்ட்வேர்ல, ஏஓடிவியையும் ஓஎல்எஸ்ஆரையும் ஒப்பிட்டுப் பாக்குறதுதான் வேலை. நகர்ந்துட்டே இருக்குற கருவிங்களுக்கு நடுவுல டேட்டா எந்த வழியா போகணும்னு முடிவு பண்ற ரெண்டு முறைங்க அது.

ஆரம்பத்துல அதுகூடவே வர்ற எக்ஸாம்பிளை அப்படியே ஓட்டினேன். 50 நோட் (நெட்வொர்க்ல இருக்குற ஒவ்வொரு கருவியும் ஒரு நோட்), 300க்கு 1500 மீட்டர் இடம், அதிகபட்ச வேகம் செகண்டுக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். எனக்கு வேண்டியது பெங்களூர் டிராஃபிக்ல சில்க் போர்டு ஜங்ஷன் பக்கம் ஊர்ந்து போற வண்டிங்களுக்கு நடுவுல ஒரு நெட்வொர்க், அதனால வேகத்தை 5 ஆக்கினேன், படமே மாறிடுச்சு. ஓஎல்எஸ்ஆர்ல ஒவ்வொரு நோடும் 2 செகண்டுக்கு ஒரு தடவை 'நான் இங்க இருக்கேன்'னு ஒரு ஹலோ மெசேஜ் அனுப்பும், பக்கத்து நோட் விலகிப் போயிடுச்சுன்னு முடிவு பண்ண 6 செகண்ட் எடுத்துக்கும், வேகமா ஓடுறப்ப அந்த 6 செகண்டும் டேட்டா பாக்கெட் எல்லாம் இப்ப இல்லாமப் போன பழைய வழியில போய் விழுந்துட்டே இருக்கும். மெதுவா நகர்ந்தா அந்த அடி அவ்வளவா விழாது. ஏஓடிவி பாக்கெட் வந்தப்புறம்தான் வழி தேடும், மொத பாக்கெட் லேட்டாகும்.

ஆனா ஏஓடிவியோட சராசரி டிலே மட்டும் எனக்குக் கம்மியா வந்துச்சு. ரெண்டு வாரம் புரியல. ஒரு நாள் ஃப்ளோ மானிட்டர் (பாக்கெட் போக்குவரத்தை அளக்குற என்எஸ்-3 கருவி) தர்ற எக்ஸ்எம்எல் ஃபைலை வரி வரியா பாத்தேன், நான் அனுப்பாத ஃப்ளோ, அதாவது பாக்கெட் வரிசை, ஏகப்பட்டது, எல்லாம் 654 போர்ட். வழி தேடினதுக்குப் பதிலா ஏஓடிவி திருப்பி அனுப்புற ரூட் ரிப்ளை அது, ஒரே தாவல்ல பக்கத்து நோடுக்குப் போயிடும், அதையும் சேத்து சராசரி எடுத்திருக்கேன். போர்ட்டை வச்சு வடிகட்டினதும் டிலே சரியான இடத்துக்கு வந்துச்சு. இதுக்கு முன்னாடி போட்ட கிராஃப் எல்லாத்தையும் தூக்கிட்டு திரும்ப வரைஞ்சேன், மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இன்னொண்ணு, எத்தனை தடவை ஓட்டினாலும் கடைசி இலக்கம் வரைக்கும் அதே நம்பர் வரும். ரேண்டம் நம்பர் எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்ற சீட், ரன் நம்பர் ரெண்டும் டீஃபால்ட்டா 1, அதான் காரணம். ரன் நம்பரை மாத்தி 30 தடவை ஓட்டினப்ப சிலதுல ஜெயிச்சது தோத்துச்சு. ஒரே ரன்ல எடுத்த கிராஃபை யாரு காட்டினாலும் நான் இப்ப நம்புறதில்ல.

ஓட்டுறப்ப ஆப்டிமைஸ்டு பில்டு வச்சுக்கோங்க, வேகம் நல்லாவே கூடும், லாக் மட்டும் வராது. என்எஸ்-3 3.36 வெர்ஷன்ல இருந்து பில்டு பண்ற கருவியா இருந்த வாஃப் போய் சிமேக் வந்துடுச்சு, பழைய நோட்டுப் புத்தகத்துல எழுதி வச்ச கமாண்டை அப்படியே அடிச்சா ஓடாது.