டர்ஃப் புக் பண்ணியிருக்கேன்: வேலூரில் ஒரு நுண்ணோக்கியுடன் நான்கு வருடம்

"ராத்திரி எட்டு மணிக்கு டர்ஃப் புக் பண்ணியிருக்கேன் ஆன்ட்டி, வர லேட்டாகும்" என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். காட்பாடியில் குடிவந்த புதிதில் ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவர் மகன் மாடிப்படியில் மறித்து, "அக்கா, நீங்க ஆடுறது பாக்ஸ் கிரிக்கெட்டா, ஃபுட்பாலா?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த டர்ஃப், செயற்கைப் புல் விரித்து விளக்குப் போட்ட மைதானம். மணிக்கணக்கில் வாடகை, ராத்திரி ஸ்லாட்டுக்கு அடிதடி. யோசித்துப் பார்த்தால் என்னுடையதும் ஏறக்குறைய அதேதான், புல்லுக்குப் பதிலாக லேசர்.

முழு அக எதிரொளிப்பு ஒளிர்வு நுண்ணோக்கி என்பது அதன் முழுப் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் டர்ஃப். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக 2021 கடைசியில் வேலூர் வந்தேன். அன்றிலிருந்து நான் அதிக நேரம் பேசிய ஜீவன் இந்த இயந்திரம்தான். 488, 561, 640 நானோமீட்டர் என்று மூன்று லேசர், 100 மடங்கு பெரிதாக்கும் ஆயில் லென்ஸ், குளிரூட்டிய கேமரா. இப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்களும், இப்படி ஒன்று இருக்கும் ஆய்வகத்தில் சேரப் போகிறவர்களும் அடிக்கடி என்னிடம் விசாரிக்கிறார்கள். விற்கிறவர்கள் சொல்லாத சில விஷயங்கள் உண்டு என்பதால் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

கிணற்றில் நீந்தி வளர்ந்தவர்களுக்கு இது வேலை செய்யும் விதத்தை விளக்குவது சுலபம். முங்கிக் கண்ணைத் திறந்து சாய்வாக மேலே பார்த்தால் வானம் தெரியாது, நீர்ப்பரப்பே முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும். ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இங்கே கிணற்று நீரின் இடத்தில் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி, காற்றின் இடத்தில் அதன் மேல் உட்காரும் செல். லேசரைப் போதிய சாய்வில் அடித்தால் கண்ணாடிக்குள்ளேயே திரும்பிவிடும். ஆனாலும் எல்லையைத் தாண்டி 100, 200 நானோமீட்டர் உயரத்துக்கு ஒரு மெல்லிய ஒளிப்படலம் கசிந்து நிற்கும். செல்லில் ஏற்றிய சாயத்தில் அதற்குள் இருப்பது மட்டும் ஒளிரும். அதனால் செல்லின் பாதம் மட்டும் துல்லியமாகத் தெரியும், மேலே இருக்கும் கசமுசா படத்தில் விழாது.

எனக்கு வேண்டியதும் அந்தப் பாதம்தான். ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்லான டி செல், கிருமியின் துணுக்கைத் தாங்கி நிற்கும் இன்னொரு செல்லைத் தொட்டதும் இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பு உருவாகும். நோய் எதிர்ப்புச் சினாப்ஸ் என்பார்கள். அதில் புரதங்கள் நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஒரு வளையம் என்று அடுக்கி நிற்பதை 1998-ல் படம் பிடித்துக் காட்டினார்கள். எதிரே நிற்க வேண்டிய செல்லுக்குப் பதிலாக டி செல்லின் ஏற்பியோடு ஒட்டும் சிடி3 எதிர்ப்பொருள் பூசிய கண்ணாடியை வைத்து நாங்கள் டி செல்லை ஏமாற்றுகிறோம். அது உருண்டையாக வந்து இறங்கும். ஒரு நொடி தயங்கும். அப்புறம் தோசைக்கல்லில் விட்ட மாவு மாதிரி இரண்டு மூன்று நிமிடத்தில் பரவிவிடும். ஓரத்தில் ஏற்பிகள் புள்ளிப் புள்ளியாகத் திரண்டு நடுவை நோக்கி நகரும். நான்கு வருடம் பார்த்தும் இது எனக்கு அலுக்கவில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் வருடம் முழுக்க என்னை அலைக்கழித்தது சூடு. வேலூரில் உட்கார்ந்துகொண்டு சூடு போதவில்லை என்றால் யார் நம்புவார்கள்? செல்களை வைக்கும் ஸ்டேஜ் மேல் இருக்கும் சூடேற்றும் பெட்டி 37 டிகிரி என்று காட்டும். டி செல்களோ சோம்பேறிகள் போலப் பரவும். சூட்டை அளக்கும் மெல்லிய தெர்மோகப்புள் கம்பியை கவர் ஸ்லிப் மேல் ஒட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, செல் இருக்கும் இடத்தில் 33.5 டிகிரி. ஆயில் லென்ஸ் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. கனத்த உலோகம், அறை ஏ.சி.யில் 22 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறது. ஆயில் வழியாகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை ஒன்று தனியாக வாங்கிய பிறகுதான் செல்கள் செல்களாக நடந்துகொண்டன. ஆக, அக்னி நட்சத்திரத்தில் வெளியே 42 டிகிரி. உள்ளே 22-க்குக் குளிர்வித்து, அந்தக் குளிரிலேயே லென்ஸை 37-க்குச் சூடேற்றுகிறோம். நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று இந்த ஊருக்கு ஒரு பழைய பட்டியல் உண்டு. சாமியில்லாத கோயில் என்பதும் அதில் இருந்தது, 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பியதும் அந்த வரி காலியானது. அந்த இடத்தில் சூடு போதாத லென்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் ஏ.சி. கம்ப்ரசர் ஓடி நின்று ஓடி நிற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் இயந்திரத்தின் உலோகம் விரிந்து சுருங்கும். ஒரு மைக்ரான் நகர்ந்தாலும் படம் மங்கிவிடும். கரன்ட் போனால் லேசருக்கும் கேமராவுக்கும் யு.பி.எஸ். இருக்கிறது, ஏ.சி.க்குக் கிடையாது. ஜெனரேட்டர் வந்து ஏ.சி. மறுபடி பிடிப்பதற்குள் அன்றைய படம் போச்சு. அகச்சிவப்பு ஒளியால் ஃபோகஸைப் பிடித்து வைக்கும் வசதி உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஆயிலில் குமிழி இருந்தால் மட்டும் கையை விரித்துவிடும். ஆயில் ஒரு சிறு சொட்டுப் போதும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி ஊற்ற வேண்டாம்.

ஒருமுறை ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குப் போயிருந்தேன். 1986-லிருந்து வேலை செய்யும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. தொலைநோக்கிக்காரர்களுக்கும் இதே கவலைதான்: கூண்டுக்குள் பகல் சூடு தங்கினால் காற்று அலைபாயும், நட்சத்திரம் நடுங்கும். பங்காளிகளைப் பார்த்த மாதிரி இருந்தது.

அடுத்தது, நான் சொல்லக் கூச்சப்படும் கதை. இரண்டாம் வருடத்தில் மூன்று மாதத் தரவு முழுக்க ஒரே விஷயத்தைக் காட்டியது. பத்தாவது நிமிடத்தில் ஏற்பிப் புள்ளிகள் சொல்லி வைத்தாற்போல நின்றுவிடும். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வழிகாட்டியிடம் சொல்லி, கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்தாயிற்று. ஒருநாள் தற்செயலாக ஸ்டேஜை நகர்த்தி, அதுவரை லேசர் படாத பக்கத்துச் செல்களைப் பார்த்தேன். இருபதாவது நிமிடத்திலும் அவற்றில் புள்ளிகள் ஜோராக நகர்ந்துகொண்டிருந்தன. என் செல்கள் நின்றது நான் அடித்த ஒளியால். சாயம் ஒளியை வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் நச்சு ஆக்சிஜனையும் உண்டாக்குகிறது, செல் அதைத் தாங்காமல் முடங்குகிறது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், நானும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் தூங்கினேன்.

அதன்பின் லேசரை 20 சதவீதத்திலிருந்து 2-க்குக் குறைத்தேன். நொடிக்குப் பத்து படம் என்பது ஐந்து நொடிக்கு ஒன்றாகியது. எதிர்பாராத லாபம், ஹார்ட் டிஸ்க் தப்பித்தது. 2048-க்கு 2048 புள்ளி, 16 பிட் என்றால் ஒரு படம் 8 எம்.பி.க்கு மேல். பழைய முறையில் இருபது நிமிடத்துக்கு 100 ஜி.பி. ஆகும், இப்போது 2 ஜி.பி. படம் கொஞ்சம் மணல் தூவியது போல இருக்கும். இருக்கட்டும். செல் உயிரோடு இருக்கிறது.

பராமரிப்பில் ஒரு சம்பவம். ஐப்பசி மழை நேரம், தீபாவளி விடுமுறை. ஏ.சி. இரண்டு வாரம் நின்றிருந்தது. திரும்பி வந்து கேட்டால் உதவியாளர் அண்ணன், "யாருமில்லாத ரூமுக்கு எதுக்கு மேடம் ஏ.சி.? கரன்ட் வீணாவுதேன்னு நான்தான் ஆஃப் பண்ணேன்" என்றார். நல்ல மனசு. நடுத்தர லென்ஸ் ஒன்றின் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை. சர்வீஸ் இன்ஜினியர் வர ஐந்து வாரம் ஆனது, வந்தவர் லென்ஸைத் திருகிக் கழற்றிப் பார்த்துவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார். ஏ.எம்.சி. என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் லென்ஸ் சேராதாம். வருடாவருடம் கட்டிய தொகையில் என்னதான் சேரும் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து 100 மடங்கு லென்ஸ் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் தூங்குகிறது.

மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், வேறு கணக்கில். மீநுண் தெளிவுக்கான கூடுதல் மாட்யூலுக்குப் பெரிய தொகை போனது. ஒளியால் இதற்குமேல் நுணுக்கமாகப் பார்க்க முடியாது என்று 1873-ல் இயற்பியலாளர் அபே வகுத்த எல்லையைத் தாண்டும் வித்தை, 2014-ல் நோபல் பெற்றது, மகிமையில் குறையில்லை. ஆனால் ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான ஃபிரேம் வேண்டும், ஓடியாடும் செல்லுக்கு அது ஒத்துவராது. நான்கு வருடத்தில் ஆறு முறை திறந்திருக்கிறேன். அந்தப் பணத்தில் சீராக ஓடும் ஏ.சி.யும் அதற்கு பேக்கப்பும், லென்ஸ் ஹீட்டரும் முதல் நாளே வந்திருக்கும். படங்களை அளக்க இலவசமான ஃபிஜி மென்பொருளே எனக்குப் போதுமானதாக இருந்தது, கம்பெனி மென்பொருளுக்கு உரிமம் புதுப்பிக்கவில்லை.

போன வாரத்திலிருந்து கேமரா விசிறியில் ஒரு கிரீச் சத்தம். சர்வீஸுக்கு எழுதியிருக்கிறேன். நான் ஊரை விட்டுக் கிளம்ப ஆறு வாரம் இருக்கிறது, எது முதலில் வரும் என்று பார்ப்போம்.