முழங்கால் குருத்தெலும்பு: மூட்டுச் செல்லா, மூக்குச் செல்லா?

முழங்கால் குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் கிடையாது. அடிபட்டுப் பள்ளம் விழுந்தால் அது தானாக ஆறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் போட்டி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வயதாகி மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கான சிகிச்சை இல்லை இது. விளையாட்டிலோ விபத்திலோ ஓரிடத்தில் மட்டும் குருத்தெலும்பு பெயர்ந்தவர்களுக்கானது.

சுலபமான வழி மைக்ரோஃப்ராக்சர். பள்ளத்தின் அடியில் உள்ள எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போட்டால் மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து உறையும். அந்த உறைவு மெல்ல மெல்லத் திசுவாக மாறும். ஒரே ஆபரேஷன், செலவும் குறைவு. ஆனால் வளர்வது பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜன் (திசுக்களுக்கு உறுதி தரும் புரதம்) நிறைந்த நார்த் திசு. மூட்டுக்கு வேண்டியது இரண்டாம் வகை. சின்னப் பள்ளத்துக்கு இது சரி. பெரியதென்றால் ஓரிரு வருடங்களில் பலன் மங்கத் தொடங்கிவிடுகிறது. துளை போட்ட இடத்தைக் கொலாஜன் தாளால் மூடி, உறைவைப் பிடித்து வைக்கும் முறையும் உண்டு. அதற்கு ஆய்வகம் தேவையில்லை என்பதால் மருத்துவர்கள் விரும்புகிறார்கள். செல்களைத் தனியாக வைப்பதில்லை, மஜ்ஜையிலிருந்து வருவதுதான்.

அடுத்தது மேசி (MACI) என்ற முறை. 1994இல் ஸ்வீடன் மருத்துவர்கள் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை வளர்த்துத் திரும்ப வைத்த முறையின் வாரிசு இது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. முட்டியில் பாரம் தாங்காத ஓர் ஓரத்திலிருந்து துளி குருத்தெலும்பை எடுத்து, ஆய்வகத்தில் சில வாரங்கள் செல்களைப் பெருக்கி, பன்றிக் கொலாஜன் தாளில் விதைக்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 5 லட்சம் செல்கள். இரண்டாவது ஆபரேஷனில் பள்ளத்தின் விளிம்பைச் செங்குத்தாகச் சுத்தம் செய்து, அதன் அளவுக்கே தாளை வெட்டி, ஃபைப்ரின் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்) பசையால் ஒட்டுகிறார்கள். பிறகு காலை மடக்கி நீட்டி, தாள் நகராமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

3 சதுர சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பள்ளம் இருந்த 144 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், இரண்டு வருட முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் மைக்ரோஃப்ராக்சரை மேசி முந்தியது. ஆனால் உள்ளே வளர்ந்த திசுவின் தரத்தில் இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை இதுதான் மேசியின் பலவீனம். ஆய்வகத் தட்டில் பெருகும்போது செல்கள் தங்கள் இயல்பை மறந்து நார்ச் செல்களைப் போல மாறுகின்றன. அந்த நிலையிலேயே மூட்டுக்குள் போய்விடுகின்றன.

சுவிட்சர்லாந்தின் பாசல் குழு இங்கேதான் வேறு பாதையைப் பிடித்தது. செல்களை மூக்கின் நடுச்சுவரிலிருந்து எடுக்கிறார்கள்; முட்டியில் இன்னொரு காயம் தேவையில்லை. வயதானவர்களின் மூக்குச் செல்களும் நன்றாகவே வளர்கின்றன. அப்புறம் முக்கியமான விஷயம்: இரண்டு வாரம் பெருக்கிய பிறகு, கொலாஜன் தாளிலேயே மேலும் இரண்டு வாரம் விட்டு, நிஜத் திசுவாக முதிரவைக்கிறார்கள். 10 பேரிடம் செய்த முதல் சோதனை 2016இல் வெளியானது. 2025இல் வெளியான அடுத்த சோதனையில், தாளில் இரண்டு நாள் மட்டுமே இருந்த செல்களை இரண்டு வாரம் முதிர்ந்த திசுவோடு ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் தேறினார்கள். முதிர்ந்த திசு வாங்கியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்.

ஆய்வகத்தில் முதிரவைத்தாலே ஜெயம் என்றும் சொல்லிவிட முடியாது. மூட்டுச் செல்களை மாட்டுக் கொலாஜன் பஞ்சில் வைத்து, அழுத்தம் கொடுத்து வளர்த்த நியோகார்ட் என்ற திசு, 2018இல் மைக்ரோஃப்ராக்சருக்கு எதிரான பெரிய சோதனையில் ஒரு வருட இலக்கை எட்டவில்லை. செல் எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இன்று ஒருவர் பெரிய பள்ளத்தோடு வந்து கேட்டால், கிடைக்கும் இடத்தில் மேசியையே சொல்வேன். நீண்ட காலத் தரவு அதற்குத்தான் இருக்கிறது. பாசல் முறை இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் என் நம்பிக்கை மூக்குச் செல்கள் பக்கம்தான். மேசியோடு அவற்றை நேருக்கு நேர் மோதவிடும் சோதனைதான் அடுத்து வர வேண்டும்.