மனோலித் தீவில் ஒன்பது கோடைகள்: பவளத்தின் நிறம் பார்க்கும் அட்டையோடு என் அனுபவம்

நான் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நெல்லுக்கு யூரியா போடலாமா என்று முடிவு செய்ய அப்பா இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குவார். இலையை அட்டையின் மேல் வைத்து, தன் நிழல் அதன்மேல் விழும்படி நின்று, எந்தப் பச்சையோடு பொருந்துகிறது என்று பார்த்து எண்ணைச் சொல்வார். நான் வரப்பில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். 2015 கடைசியில் ராமேசுவரம் பக்கத்து ஊரான மண்டபத்துக்கு ஆய்வு உதவியாளராக வந்தபோது என் கையில் கொடுத்த முதல் கருவியும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஓர் அட்டைதான். நெல் இலைக்குப் பதில் பவளம், வரப்புக்குப் பதில் வத்தை என்ற சிறு படகு.

அதே வகை அட்டையைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். புதிதாகக் களப்பணிக்கு வரும் மாணவர்கள் "இது உண்மையிலேயே உதவுமா, இல்லை பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருளா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தின் அட்டை இது. சதுரமான பிளாஸ்டிக். ஓரங்களில் பி, சி, டி, ஈ என்று நான்கு நிற வரிசைகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை படிகள். 1 என்றால் வெளிறியது, 6 என்றால் அடர்ந்தது. ஒரு பவளத்தில் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் பார்த்து, இரண்டுக்கும் எழுத்தும் எண்ணுமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கூடவே அது கிளைப் பவளமா, பாறை மாதிரி உருண்டதா, தட்டு வடிவமா, மென்பவளமா என்றும் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நிறத்தை ஏன் பார்க்கிறோம்? பவளத்தின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. பழுப்பு நிறம் பெரும்பாலும் அதனுடையது. சூரிய ஒளியில் அது சமைக்கும் உணவில்தான் பவளத்தின் பிழைப்பில் பெரும்பகுதி ஓடுகிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து பாசி வெளியேறுகிறது. திசு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. அதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய பவளம் அந்த நிமிடம் செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. அட்டையில் 2 படிகள் மாறினால் உள்ளே பாசியின் அடர்த்தி உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 1 படி மாற்றத்தை நான் நம்புவதில்லை. மேகம் மறைத்தாலே ஒரு படி கூடக் குறையத் தெரியும்.

2016 கோடைதான் இந்த அட்டையின் அருமையை எனக்குக் காட்டியது. மண்டபத்துக்கு அருகே மன்னார் வளைகுடாவில் இருக்கும் மனோலித் தீவின் தென்பக்கம் எண் தகடு கட்டி வைத்திருந்த பவளங்களை பிப்ரவரியில் பார்த்தபோது, 14ஆம் எண் போரைட்டிஸ் டி5. ஒரு சாக்கு மூட்டை அளவுக்கு உருண்டு திரண்ட பவளம் அது. ஏப்ரலில் டி3. கண்ணுக்கு அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அட்டை இல்லாமல் போயிருந்தால் "ஆரோக்கியம்" என்று எழுதிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்திருப்பேன். முந்தைய எண்ணைத் தேடிப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. மே மாதம் போனபோது படகோட்டி ஐயா தண்ணீரைக் குனிந்து பார்த்துவிட்டு, "தாயி, பாரு பூரா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு" என்றார். இறங்கிப் பார்த்தால் டி1. பக்கத்திலிருந்த மான்கொம்புப் பவளம் முழு வெள்ளை.

அவர் சுண்ணாம்பு என்று சொன்னதில் ஒரு பழைய வலி இருக்கிறது. சின்ன வயதில் சுண்ணாம்புக் காளவாசலுக்காகப் பவளக்கல் உடைத்து ஏற்றிய படகுகளில் வேலை பார்த்தவர் அவர். பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2005 வாக்கில்தான் அந்தத் தொழில் இங்கே ஓய்ந்தது. இப்போது நங்கூரம் போடுவதற்கு முன் மணல் இருக்கும் இடமாகத் தேடி இரண்டு சுற்று சுற்றுவார்.

தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று பிடித்தால் மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கவே முடியாது. தண்ணீர் முழுக்கக் கலக்கு. ஆக, வெளிறல் உச்சத்தில் இருக்கும்போது விட்டுவிட்டு வந்து, பல வாரம் கரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இது அட்டையின் குறையல்ல, இந்தக் கடலின் குணம். ஆனால் இங்கே இதைப் பயன்படுத்துகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அந்த அக்டோபரில் போனபோது 14ஆம் எண் டி4க்கு மீண்டிருந்தது. மான்கொம்பு மீளவில்லை, அதன் கிளைகளில் வேறு வகைப் பாசி படர்ந்து புதர் மாதிரி நின்றது. அந்த ஆண்டு மன்னார் வளைகுடாவில் அக்ரோபோரா (மான்கொம்பு இதில் சேர்ந்தது), மான்டிபோரா, போசிலோபோரா ஆகிய வேகமாக வளரும் வகைகள்தான் அதிகம் அழிந்தன.

அட்டையை எப்படிப் பிடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கிளைப் பவளத்தின் நுனியைப் பார்க்காதீர்கள் என்பதுதான். வளரும் நுனி இயல்பாகவே வெள்ளையாக இருக்கும். முதல் மாதம் எனக்கு இது புரியாமல், நன்றாக வளர்ந்துகொண்டிருந்த பவளங்களை வெளிறியவை என்று குறித்துவிட்டேன். ஒரு நாள் வேலை முழுவதையும் தள்ளிவைத்து மறுபடி எடுத்தோம். அட்டையைப் பவளத்தை ஒட்டிப் பிடியுங்கள். கடல் நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும். ஆனால் அட்டையும் பவளமும் ஒரே ஆழத்தில், ஒரே வெளிச்சத்தில் இருந்தால் இரண்டின் நிறமும் ஒரே மாதிரி மாறும், ஒப்பீடு கெடாது. அரை அடி தள்ளிப் பிடித்தால் அந்தப் பயன் போய்விடும். அப்புறம் அப்பா வயலில் சொன்னதே இங்கும் பொருந்துகிறது: பார்க்கிற கண் மாறக் கூடாது, நேரமும் மாறக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு தீவுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். நான் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் முடித்துவிடுவேன்.

அட்டை கைவிடும் இடங்களும் உண்டு. 2019 செப்டம்பரில் பூங்கோரை வந்தது. மண்டபம் பக்கத்துக் கடல் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆனது, கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி பெருகி, தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய முறை சி4 காட்டிய ஒரு தட்டுப் பவளம் இம்முறை திசு உரிந்து கிடந்தது. வெளிறல் மாதிரி படிப்படியாக எச்சரிக்கை எதுவும் இல்லை. எண்ணெழுத அட்டையை நீட்டினேன், எழுத எதுவுமில்லை. அதேபோல் கப்பாபைகஸ் கடற்பாசி. பயிரிடக் கொண்டுவந்த இந்தப் பாசி குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்திருப்பது 2008இலேயே பதிவானது. பாசிக்கு அடியில் ஒளியின்றி மூச்சுமுட்டும் பவளத்தை நிற அட்டையால் அளக்க முடியாது. முதலில் பாசியைக் கையால் நீக்க வேண்டும். ஊதா, நீலம் என்று மினுங்கும் பவளங்களுக்கும் இந்த நான்கு வரிசைகளில் சரியான இணை கிடைக்காது. அவற்றை விட்டுவிட்டுப் பழுப்பு நிறத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

இதனால் அட்டையை நான் தனியாக ஒருபோதும் நம்புவதில்லை. பிவிசி குழாயில் செய்த சட்டத்தைத் தரையில் வைத்துப் படம் எடுக்கிறோம். பிறகு கணினியில் சிபிசிஇ மென்பொருளில் படத்தின் மேல் புள்ளிகளைத் தூவி, ஒவ்வொரு புள்ளிக்கு அடியிலும் பவளமா, பாசியா, சல்லியா, மணலா என்று குறிக்கிறோம். பரப்பளவு அதில் கிடைக்கும். கோரல்நெட் என்ற இணையதளம் வந்த பிறகு கணினியே ஒரு பங்கு புள்ளிகளுக்குப் பெயர் பரிந்துரைக்கிறது, நாம் சரிபார்த்தால் போதும். மாதக்கணக்கில் மிச்சமாகும் நேரத்தைச் சொல்லி மாளாது. ஆனால் இவை எல்லாம் கேமரா உயிரோடு இருந்தால்தான்.

கேமரா விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்லியே ஆக வேண்டும். 2018இல் நல்ல விலைக்கு வாங்கிய நீர்புகா உறை மூன்றாவது முறை இறங்கும்போதே கசிந்தது. உறையின் ரப்பர் வளையத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். உப்புத் தண்ணீர் போனால் கேமரா போனதுதான். விற்ற கடை "நீங்கள் சரியாகப் பூட்டவில்லை" என்று சொல்லிக் கைகழுவியது. ஒரு வருடப் படங்கள் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தின் நிற எண்கள் இருக்கின்றன. எழுதும் பலகை, பென்சில், அட்டை மூன்றும் சேர்ந்து காப்பாற்றிய வருடம் அது.

அட்டை எவ்வளவு நாள் உழைக்கும் என்பது பற்றி: ஒன்பது கோடையில் மூன்று அட்டை மாற்றியிருக்கிறேன். முதலாவது நான் செய்த தவறால் போனது. படகின் மேல்தளத்தில் வெயிலில் வாரக்கணக்கில் கிடந்து நிறம் மங்கிவிட்டது. நிறத்தை அளக்கும் கருவியின் நிறமே மங்கினால் அதை வைத்து எழுதிய எண்களுக்கு மதிப்பில்லை. அதிலிருந்து ஒரு புதிய அட்டையை உறையில் போட்டு இருட்டான அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை களத்து அட்டையை அதோடு ஒப்பிடுகிறேன். ஒவ்வொரு முறை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கிறேன். மூலையில் ஓட்டை போட்டு நைலான் கயிற்றில் மணிக்கட்டோடு கட்டிக்கொள்ளுங்கள். நீவாடு, அதாவது நீரோட்டம், அதிகமுள்ள நாளில் கை நழுவினால் போய்விடும்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உலகப் பவளப்பாறை ஆய்வாளர்களின் முதல் சர்வதேசக் கருத்தரங்கு 1969 ஜனவரியில் நடந்தது இதே மண்டபம் முகாமில்தான். அந்தப் பெருமை உள்ள ஊரில், எங்கள் படகோட்டி ஐயாவின் பேத்தி இப்போது கல்லூரியில் கடல் உயிரியல் படிக்கிறாள். பனிரெண்டாம் வகுப்பு விடுமுறையில் எங்களோடு வந்தபோது அரை மணி நேரத்தில் அட்டை பார்க்கக் கற்றுக்கொண்டாள். கேமராவும் மென்பொருளும் அவளுக்குக் கிடைத்திருக்காது. அட்டை கிடைத்தது, எண்களும் என்னுடையவற்றோடு பொருந்தின. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் சங்குகுளிகளுக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அதனால்தான். எங்களைவிட அதிக நாள் தண்ணீருக்குள் இருப்பவர்கள் அவர்கள்.

2024 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நான்காவது உலகளாவிய வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தது. அவர்களுடைய செயற்கைக்கோள் வெப்ப வரைபடத்தை பிப்ரவரியிலிருந்தே வாராவாரம் பார்ப்பது என் பழக்கம். வெப்பம் சேரத் தொடங்கினால் மாதம் ஒரு பயணம் என்பதை இரண்டாக மாற்றிவிடுவேன். வானத்திலிருந்து பார்ப்பது தண்ணீரின் மேற்பரப்புச் சூட்டை மட்டும்தான். கீழே பவளம் தாக்குப்பிடிக்கிறதா என்பதை யாராவது இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

அந்த மே மாதம், சோழகம் பிடிப்பதற்கு முந்தைய கடைசிப் பயணத்தில் 14ஆம் எண்ணுக்கு முன்னால் நீண்ட நேரம் மிதந்தேன். மேல்பக்கம் டி1, அடிவாரத்தில் நிழல் விழும் இடத்தில் டி3. அதன் முதுகில் சின்னக் கிளிமீன் ஒன்று கொறித்துக்கொண்டிருந்தது. இரண்டு எண்களையும் பலகையில் எழுதினேன். கையில் பென்சில் நடுங்கியதால் 3 கோணலாக விழுந்தது. மேலே வந்ததும் ஐயா, "அந்தப் பெரிய உருண்டைக் கல்லு எப்படி தாயி இருக்கு?" என்று கேட்டார். அடியில் இன்னும் நிறம் இருக்கிறது என்றேன். "அப்போ காத்து நின்னதும் மொதல்ல இங்கதான் வரணும்" என்று சொல்லி நங்கூரத்தை இழுக்க ஆரம்பித்தார்.