பழைய செயின்சாவை ரிப்பேருக்கு அனுப்பி 18,500 ரூபாய் போச்சு, தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் மெஷினைப் பிரித்துப் பார்த்தோம். ராத்திரி பூராவும் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய செயின்சா வைத்திருக்கிற இன்னொருத்தர் இந்தக் குழியில் விழ வேண்டாம்.

என்னிடமிருந்து போனது 18,500 ரூபாய். வெறும் காசு மட்டும் போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

மெஷின் அப்பாவுடையது. மரம் அறுக்கிற செயின்சா, ஸ்டில் கம்பெனியின் 070 மாடல். மரவேலை செய்த பழைய ஆட்களுக்கு இதன் அருமை தெரியும். 106 சிசி, செயினும் அது சுற்றி ஓடுகிற பாரும் இல்லாமலே பத்து கிலோவுக்கு மேல், தீப்பொறிக்குப் பாயிண்ட் வைத்த பழைய இக்னிஷன். எங்களுடையதில் செயினைச் சட்டென்று நிறுத்துகிற செயின் பிரேக் கிடையாது. தொண்ணூறுகளில் பாலக்காட்டுக்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினார் அப்பா. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்ததே, அப்போது எங்கள் ஊர் ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து வழிவிட்டது இதுதான். அதற்கப்புறம் சுத்தம் செய்யக் கழற்றியபோது, உள்ளூர் மெக்கானிக் கை தவறிச் சிலிண்டரைச் சிமெண்ட் தரையில் போட்டுவிட்டார். மேலிருந்து மூன்றாவது ஃபின்னில் (சூடு தணிய சிலிண்டரைச் சுற்றி இருக்கிற தகடு) விரல் நகம் அளவுக்கு முனை உடைந்தது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. இந்த உடைசலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதுதான் பேசப்போகிறது.

இரண்டு வருஷமாக ஒரே கோளாறு. குளிர்ந்திருந்தால் ரெண்டாவது இழுப்பில் பிடிக்கும். கால் மணி நேரம் ஓடிச் சூடானால் பொட்டென்று நிற்கும். ஆறினால்தான் திரும்ப ஸ்டார்ட் ஆகும். பழைய எஞ்சின்களைப் புதுசாக்கி வீடியோ போடுகிற ஒரு ஒர்க்ஷாப்பை போனில் பார்த்து அழைத்தேன். பெயர் எழுதவில்லை. துருப்பிடித்த மெஷின் பளபளவென்று எழுந்து ஓடுகிற அந்த மாதிரி வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். கோளாறைப் பாதி சொல்லும்போதே அந்த ஆள், "சூடானா நிக்குதா? காண்டன்சர் போயிருக்கும் சார். பாயிண்ட்டும் கருகியிருக்கும். ஃப்ளைவீலைக் கழட்டினாத்தான் தெரியும். கார்பரேட்டரைக் குடையறவன்கிட்ட குடுத்துடாதீங்க" என்றார். காண்டன்சரும் பாயிண்ட்டும் தீப்பொறி கொடுக்கிற சாமான்கள், அவர் சொன்னது அத்தனையும் சரி. விஷயம் தெரிந்தவன் என்று நம்பிவிட்டேன். "அப்பா மெஷின்னா சாமி மாதிரி சார், ஒரிஜினல் ஒரு போல்ட்கூட மாறாது" என்றும் சொன்னார். வேலை தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று நினைத்தேன். வேலை தெரிந்தவனுக்குத்தானே எதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்பதும் தெரியும்!

லாரி பார்சலில் அனுப்பினேன். முன்பணம் 8,000. பத்து நாள் கழித்து, கிராங்க் சீலும் (எஞ்சினுக்குள் வெளிக்காற்று புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) பேரிங்கும் போய்விட்டது என்று 6,500. பெயிண்ட், கார்பரேட்டர் கிட், பார்சல் எல்லாம் சேர்த்துக் கடைசியில் 4,000. ஆக 18,500. இருபது நாள் என்றவர் மூன்று மாதம் இழுத்தார்.

வந்ததும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலே நிமிஷம். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் தானாக ஏறியது, செயின் சுற்றிக்கொண்டே இருந்தது. சோக்கை மூடித்தான் நிறுத்தினேன். கை நடுங்கிவிட்டது. பிரேக் இல்லாத மெஷின் அது, யார் காலிலாவது இறங்கியிருந்தால்?

அன்றைக்கே அழைத்தேன். "பார்சல்ல ஆடியிருக்கும் சார், ஐடில் ஸ்க்ரூவை லேசா விடுங்க." மறுநாள், "ஆயில் மிக்ஸ் தப்பா போட்டிருப்பீங்க." அப்பா காலத்திலிருந்து லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில், அதையேதான் நானும் ஊற்றினேன். அடுத்து, "இப்ப பெட்ரோல்ல எத்தனால் சார், நாங்க என்ன பண்றது." எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும், வாஸ்தவம். நாலு நிமிஷத்திலா கெடுக்கும்? அப்புறம் மெசேஜுக்கு நீல டிக் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. வீடியோவுக்குக் கீழே எழுதினேன், அழித்துவிட்டார்கள். 18,500 ரூபாய் கொடுத்தவனுக்கு ஒரு பதில்கூட இல்லை.

நேற்று உள்ளூர் மெக்கானிக்கோடு உட்கார்ந்து பிரித்தோம். புதுசு என்று காசு வாங்கிய கிராங்க் சீல் பழையதே, கட்டை போல இறுகிக் கிடக்கிறது. அந்த வழியாக வெறும் காற்று உள்ளே போனால் கலவை மெலியும், பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் குறையும். ஐடிலிங் ஏறியது அதனால்தான். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால், எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் கோடு கோடாக உரசல். கார்பரேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு காய்ந்த வாழைச்சருகு மாதிரி மொரமொரவென்று இருக்கிறது. காண்டன்சரைத் தொடவே இல்லை, பாயிண்ட்டில் கரி அப்படியே.

சிலிண்டரில் ஒரு ஃபின்கூட உடையவில்லை. எல்லா ஃபின்னும் முழுசாக இருக்கிறது. அப்பாவின் சிலிண்டரை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட் சிலிண்டர், பிஸ்டன் செட்டைப் போட்டுப் பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் போட்ட வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கழுவுகிற காட்சியில் உடைந்த மூன்றாவது ஃபின் தெளிவாகத் தெரிகிறது. பூட்டும் காட்சியில் இல்லை. அவர்கள் அழிப்பதற்குள் இரண்டையும் படமெடுத்து வைத்துவிட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில: அனுப்புவதற்கு முன் சிலிண்டர், கார்பரேட்டர், காயில் எல்லாவற்றையும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், உள்பக்கம் ஒரு கீறல் அடையாளம் போடுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் பாக்கிப் பணம் தராதீர்கள். ஐடிலிங் தானாக ஏறினால் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருக்காமல் உடனே நிறுத்துங்கள்.

அப்பாவிடம் சிலிண்டர் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. 070-க்கு ஒரிஜினல் சிலிண்டர் என்று யாராவது உங்களிடம் விலை பேசினால், மேலிருந்து மூன்றாவது ஃபின்னைப் பாருங்கள். நகம் அளவுக்கு முனை உடைந்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்கிற விலையைக் கொடுத்து நானே வாங்கிக்கொள்கிறேன்.