வீட்டுப் பசைகளும் ஒரு ஸ்கிராப்புக்கும்

ஸ்கிராப்புக், அதாவது படங்களையும் நினைவுப் பொருள்களையும் அலங்கரித்து ஒட்டிய ஆல்பம், செய்வதற்கென்று கடைக்குப் போக வேண்டியதே இல்லை. பீரோவும் பரணும் போதும். கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டிப் போட்டு வைக்காத வீடு எது? கைவினைத் தாள் என்று தனியாக விலை போட்டு விற்பதைவிட அந்த அட்டைகள் பல நேரங்களில் கனமானவை, அச்சும் அழகு. ஜாக்கெட் தைத்த துணியின் வெட்டு, நைந்த பட்டுப் புடவையின் சரிகைக் கரை, புடவைப் பெட்டியின் அட்டை, பிஸ்கட் டின்னில் கிடக்கும் பொத்தான்கள். அப்பாவின் எழுபது வயது விழாவான பீமரத சாந்திக்காக நானும் தங்கையும் செய்த ஆல்பம் முழுக்க இவைதான். அடித்தாள்கூட தங்கை கல்லூரியில் வாங்கி மீந்த டிராயிங் ஷீட். இந்தக் கலைக்கு வழக்கமான 12 அங்குலச் சதுர அளவை விட்டுவிட்டு, ஏ4 அளவில் வெட்டிக்கொண்டோம். பத்திரிகை அட்டைகளுக்கு அதுவே பொருந்துகிறது.

அட்டையும் துணியும் எப்படி வைத்தாலும் அமைந்துவிடும். பக்கம் நிலைப்பதும் பாழாவதும் பசையால்தான். ஆகவே இந்த மதிப்புரை, மேசை இழுப்பறையில் ஏற்கெனவே இருந்த பசைகளைப் பற்றியது. அம்மா அப்பாவின் 1979ஆம் வருடத்துக் கல்யாணப் படங்களில் கை வைப்பதற்கு முன்னால், வேண்டாத பத்திரிகைகளில் எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தோம்.

முதலில் வெள்ளைப் பசை, மரவேலைக்கும் பள்ளிக் கைவேலைக்கும் நாம் வாங்குவது. அட்டையோடு அட்டையை ஒட்ட இதற்கு இணை இல்லை. புடவைப் பெட்டி அட்டையில் வெட்டிய சட்டங்களை இதனால்தான் ஒட்டினோம். நகத்தால் நெம்பினாலும் வரவில்லை. மெல்லிய தாளுக்கு மட்டும் இது ஆகாது. பசையில் இருக்கும் தண்ணீரைத் தாள் ஒரு பக்கம் மட்டும் குடித்து விரிகிறது. காயும்போது சுருங்கி அலை அலையாக நிற்கிறது. கனமான நோட்டுகளை மேலே அடுக்கி ஓர் இரவு வைத்தால் பாதி சரியாகும். சரிகைக் கரைக்கும் இது நல்லதுதான், ஆனால் தூரிகையால் மிக மெல்லிதாகப் பூச வேண்டும். கொஞ்சம் கூடினாலும் துணியின் இழை வழியாக ஊறி மேலே வந்து, சரிகையின் பளபளப்பு மங்கிவிடும். ஐந்துக்கு நான்கு தருவேன்.

குச்சிப் பசை சுருக்கம் விழ விடாது, குழந்தைகளும் கையாளலாம். ஆனால் வருடக்கணக்கில் நிற்காது, காய்ந்து விட்டுப்போகும். தங்கை மகளின் மழலையர் வகுப்பு ஆல்பத்தைத் திறந்தால் இலைகளும் வண்ணத்தாள்களும் மடியில் உதிர்கின்றன. இரண்டு.

இருபக்க டேப்பில் ஈரம் இல்லை என்பதே பெரிய நிம்மதி. வைத்த இடத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும், மாற்றி வைக்க விடாது. அதனால் முதலில் பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டும். பத்திரிகையில் வெட்டிய பிள்ளையார், மங்கள விளக்கு, எழுத்துப் பட்டைகள் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். மூன்றரை. பரிசுப் பொட்டலம் கட்டும் சாதாரண டேப்பை மட்டும் பக்கத்தில் சேர்க்கவே வேண்டாம். அதன் பசை காலப்போக்கில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு டேப் உதிர்ந்தாலும் கறை போகாது.

உடனடிப் பசையைப் பருத்தித் துணியிலோ நூலிலோ விடக் கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் அது கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். பொத்தானை நூலால் தைத்துவிடுங்கள். டிராயிங் ஷீட்டில் ஊசி நன்றாகவே இறங்குகிறது.

அடுத்தது மைதாப் பசை. அம்மா அடுப்பில் காய்ச்சிக் கொடுத்தாள்: மைதாவைக் கட்டியில்லாமல் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை சிறு தீயில் கிண்டுவது. இதை ஏழைப் பசை என்று ஒதுக்க வேண்டாம். அருங்காட்சியகங்களில் பழைய ஆவணங்களைச் செப்பனிடுகிறவர்கள் பயன்படுத்துவதும் கோதுமைப் பசைதான், மாவிலிருந்து பசையத்தை நீக்கிய சுத்தமான ஸ்டார்ச். தண்ணீர் தொட்டால் மறுபடியும் பிரித்தெடுக்கலாம் என்பதே அதன் பெருமை. நம் வீட்டுப் பசைக்கு எதிரி பூச்சி. மாவின் ருசி கண்ட பூச்சி தாளையும் சேர்த்து அரிக்கும். அந்தக் காலத்தில் சுவரொட்டிப் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள். அது நஞ்சு, குழந்தைகள் புரட்டிப் பார்க்கும் ஆல்பத்துக்கு வேண்டவே வேண்டாம். பீரோவில் காற்றுப்புகாத பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் மூன்று, திறந்த அலமாரி என்றால் ஒன்று.

இத்தனையும் ஒட்டிப் பார்த்த பிறகும், புகைப்படத்துக்கு இவற்றில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊதி இளகும். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையும் தாத்தாவின் கையெழுத்தில் தேதியும் இருந்தால், அதை ஒட்டி மூட யாருக்கு மனம் வரும்? இங்கேதான் பழைய ஆல்பங்களின் போட்டோ கார்னர் நினைவுக்கு வர வேண்டும். கறுப்புப் பக்கங்களும் நடுவே பட்டர் பேப்பருமாக இருந்த அந்த ஆல்பங்களில், நான்கு முக்கோணங்கள்தான் படத்தைப் பிடித்திருந்தன. படத்தில் ஒரு சொட்டுப் பசை கிடையாது.

அதைப் பத்திரிகை உறையிலிருந்தே செய்யலாம். இரண்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். நீளமான மேல்விளிம்பின் நடுவில் நகத்தால் அடையாளமிட்டு, இரண்டு மேல்மூலைகளையும் அந்த நடுக்கோட்டுக்கு மடித்துக் கொண்டுவாருங்கள். வெற்றிலை மடிப்பதுபோல் ஒரு முக்கோணம் கிடைக்கும், அடியில் திறந்த பை. படத்தின் மூலையை அதற்குள் செருகி, மடிப்பு விழுந்த பக்கத்தை அடித்தாளில் ஒட்ட வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பசையை இரண்டு மடிப்புகளின் மேல் மட்டும் வையுங்கள், அவை சேரும் நடுக்கோட்டில் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் உள்ளே கசிந்து படத்தைத் தொட்டுவிடும். இதற்கு மட்டும் இருபக்க டேப் மிகப் பொருத்தம். மஞ்சள் உறையில் செய்த கார்னர்களுக்கு நடுவே அம்மாவின் மணக்கோலப் படம் பளிச்சென்று நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் உருவி எடுத்துத் தாத்தாவின் எழுத்தைப் படிக்கலாம். ஐந்துக்கு ஐந்து, தயங்காமல்.

மொய் நோட்டிலிருந்து ஒரு பக்கம் சேர்த்தோம். ‘11 ரூபாய், 21 ரூபாய், வெண்கலக் குத்துவிளக்கு 1’ என்று பெரியப்பா பேனா மையில் எழுதியது. மையெழுத்தில் ஈரப் பசை பட்டால் நீலம் பரவிவிடும். தாளும் தொட்டால் பொடிகிறது. அதற்கும் கல்யாணம் முடிந்து தஞ்சாவூருக்குப் போன அட்டை ரயில் டிக்கெட்டுகளுக்கும் பத்திரிகை உறையையே பையாக ஒட்டி உள்ளே செருகினோம். சுமார் 57 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் குட்டி அட்டை, உறையின் வாயில் பாதி தெரிய நிற்பது அழகு.

இன்னும் ஒரு தகவல். பொத்தானும் துணியும் ஏற ஏற ஆல்பம் வாய்ப் பக்கம் உப்பிக்கொள்ளும். தைக்கும் முதுகுப் பக்கத்தில் ஒவ்வொரு தாளுக்கும் இடையே புடவைப் பெட்டி அட்டையில் அரை அங்குலப் பட்டை ஒன்றை வைத்துத் தைத்தால், மூடும்போது தட்டையாக நிற்கும். அந்தப் பட்டைகளுக்கு வெள்ளைப் பசையே போதும்.