முருங்கைக்கீரைப் பொடி: உணவுப் பதிவா, சித்த மருந்து உரிமமா?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பகுதிகளில் முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்தி, அரைத்து, சலித்து விற்க நினைக்கும் மகளிர் குழுக்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதை உணவாக விற்பதா, சித்த மருந்தாக விற்பதா என்பதே.

உணவு என்றால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பொருந்தும். சிறு தயாரிப்பாளருக்கு இணையவழிப் பதிவே போதும், வீட்டிலிருந்தபடியே தொடங்கலாம், பொட்டலத்தில் 14 இலக்கப் பதிவு எண்ணை அச்சிட வேண்டும். ஆனால் நோயைக் குணப்படுத்தும் என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது.

சித்த மருந்து என்றால், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் மாநில அரசின் உற்பத்தி உரிமம் வேண்டும். அதன் விதிகளில் உள்ள ‘டி’ (T) அட்டவணை குறைந்தது 1,200 சதுர அடி தயாரிப்புக் கூடத்தையும், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தடுப்புகளையும் கேட்கிறது. தகுதி பெற்ற தொழில்நுட்பப் பணியாளரும் தேவை. கொல்லைப்புறக் கொட்டகையில் இது நடக்கிற காரியம் அல்ல. இவ்வளவு செலவழித்து உரிமம் பெற்ற பிறகும், ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

எனவே முருங்கைப் பொடிக்கு உணவுப் பதிவே போதுமானது என்பது என் கருத்து. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தின் கதை வேறு: அது சித்த மருந்து என்பதால், அதைத் தயாரித்து விற்க உற்பத்தி உரிமம் இல்லாமல் முடியாது.