3எம் 6000 வரிசை முழுமுக மாஸ்க்: கலவரச் செய்திக்குப் போகும் பெண் நிருபருக்கு எவ்வளவு உதவும்?

பெயின்ட் ஸ்ப்ரே, ரசாயன வேலை செய்பவர்களுக்காக வந்த மாஸ்க் இது. 2019 ஹாங்காங் போராட்டத்தில் செய்தியாளர்கள் பலர் இதையோ இதன் அரைமுக வகையையோ மாட்டிக்கொண்டுதான் தெருவில் நின்றார்கள். கண்ணீர்ப்புகைக்கு இது அருமையான பொருள். ரப்பர் குண்டுக்கு உதவாது. கூட்டத்துக்குள் சிக்கிக்கொண்டால், பெண்ணுக்கு இதுவே ஆபத்தாகவும் முடியலாம்.

முதலில் அளவு. 6700 சிறியது, 6800 நடுத்தரம், 6900 பெரியது. முகம் சிறிதாக உள்ள பெண்ணுக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் சேர்த்து வாங்கிய 6800ஐக் கொடுத்தால் தாடைக்குக் கீழே காற்று புகும். வார்களை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது அடங்காது. மாட்டியதும் இரண்டு சோதனை அவசியம். மூச்சு வெளியேறும் வால்வை உள்ளங்கையால் மூடி மெதுவாக ஊதினால் மாஸ்க் லேசாக உப்ப வேண்டும். ஃபில்டர்களை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தால் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் புகைக்குள் போகக் கூடாது.

ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே நாலு முடி இருந்தாலே கசியும். கொண்டை உயரமாக இருந்தால் பின்வார் வழுக்கி மேலே ஏறும். தாழப் பின்னிச் சட்டைக் காலருக்குள் செருகிவிடுங்கள். கூட்டத்தில் எவனும் பிடித்து இழுக்கவும் அப்போது பின்னல் அகப்படாது. மூக்குக்கண்ணாடியின் காது கம்பியும் கசிவுக்கு வழிவிடும். இதற்கென்று மாஸ்க்கின் உள்ளே பொருத்தும் ஃப்ரேம் தனியாக விற்கிறது, அதில் உங்கள் பவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாம். கான்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

பலர் பணத்தை வீணாக்குவது ஃபில்டரில்தான். 'கண்ணீர்ப்புகை' என்கிறோமே தவிர, அதில் பெரும்பாலும் இருக்கும் சிஎஸ் என்ற ரசாயனம் காற்றில் மிதக்கும் நுண்தூள். வாயுவுக்கான கரி கார்ட்ரிட்ஜை மட்டும் மாட்டினால் தூள் அதைக் கடந்து வந்துவிடும். கரியோடு துகள் தடுப்பும் சேர்ந்திருக்க வேண்டும்: அமெரிக்க வகையில் பி100 (மெஜன்டா நிறப் பட்டை), ஐரோப்பிய வகையில் பி3. 60923 என்ற கார்ட்ரிட்ஜ் இரண்டும் சேர்ந்தே வருவது. கரி மட்டும் உள்ள 6059 வாங்கினால் துகளைத் தடுக்கும் 5935 பேடையும் அதைப் பிடிக்கும் 501 மூடியையும் கேட்டு வாங்குங்கள். பையைப் பிரித்துவிட்டால் கரி காற்றின் ஈரத்தையும் வாடையையும் குடித்துக்கொண்டே இருக்கும். பிரித்த தேதியை மார்க்கரால் எழுதி, ஜிப் பையில் காற்றுப் புகாமல் வையுங்கள். தண்ணீர் பீரங்கியில் நனைந்த பேடில் மூச்சு இழுக்கவே முடியாது, அதனால் மாற்று ஜோடி எப்போதும் கையில் இருக்கட்டும். கட்டடமோ டயரோ எரியும் இடத்தில் இந்த ஃபில்டரை நம்பி உள்ளே போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடை இது தடுக்காது.

மிளகு ஸ்ப்ரே பட்டுப் பார்வை மறைந்தால் உரித்துப் போடும்படி லென்ஸ் மேல் ஒட்டும் தாள் (6885) உண்டு. விலை சொற்பம், அவசியம் வாங்குங்கள். கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைக்க முடியாது, பின்திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மாஸ்க் வார்களை முதலில் கட்டி, ஹெல்மெட்டை அதன்மேல் போடுங்கள்.

அடுத்தது குண்டு. கண்காப்புக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 166ன் 'பி' (B) நிலைச் சோதனையில் 6 மி.மீ. எஃகுக் குண்டை நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் அடிப்பார்கள். அதன் ஆற்றல் சுமார் 6 ஜூல். போலீஸ் சுடும் 40 மி.மீ. ஸ்பாஞ்ச் குண்டு (நுனியில் நுரை வைத்தது) ஏறத்தாழ 30 கிராம் எடை, நொடிக்கு 90 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 120 ஜூல் வருகிறது. இருபது மடங்கு! ராணுவத் தரக் கண்ணாடிகூட இதற்குப் பக்கத்தில் வராது. 2019 செப்டம்பர் 29 அன்று ஹாங்காங் வான் சாய் நடைமேம்பாலத்தில் நேரலை செய்துகொண்டிருந்த இந்தோனேசியப் பத்திரிகையாளர் வெபி மேகா இந்தா, ஹெல்மெட்டும் கண்காப்பும் அணிந்திருந்தும், போலீஸ் சுட்ட குண்டு பட்டு வலது கண் பார்வையை நிரந்தரமாக இழந்தார். உடன் நின்றவர்களும் செய்தியாளர்களே. பின்வாங்கும் போலீஸ் இறங்கும் படிக்கட்டுக்கு நேரெதிரே நிற்காமல், தூண் அல்லது சுவர் மூலையை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்பதே அங்கே உண்மையான கவசம். மாஸ்க் அந்த இடத்தைத் தேர்ந்து தராது.

கூட்டத்தின் ஆபத்து வேறு வகை. 2011ல் கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்தில் தொலைக்காட்சி நிருபர்கள் லாரா லோகன், கரோலின் சின்ஸ் ஆகியோர் பாலியல் ரீதியாகத் தாக்கப்பட்டார்கள். அங்கே நடந்த தாக்குதல்களின் முறை ஒன்றுதான்: ஆண்கள் வட்டமாகச் சூழ்ந்து உடன் வந்தவரிடமிருந்து பெண்ணைப் பிரிப்பார்கள், காப்பாற்ற வருவதுபோலவும் சிலர் கையைப் பிடிப்பார்கள். அந்த நொடியில் மாஸ்க் முகத்தில் இருந்தால் விசில் ஊத முடியாது, கத்தினாலும் குரல் அமுங்கும், பின்னால் வருபவனைப் பார்க்க முழுத் தலையைத் திருப்ப வேண்டும். ஃபில்டரே பிடித்து இழுக்க வாகான கைப்பிடியாகிவிடும். எனவே புகை இல்லாத நெரிசலில் மாஸ்க் பையிலேயே இருக்கட்டும். பையைக் கழுத்தில் தொங்கவிடாமல் இடுப்பில் கட்டுங்கள். அடையாள அட்டைக் கயிறும் இழுத்தால் தானே அறுந்துவிடும் வகையாக இருக்க வேண்டும். உடன் வருபவர் படம் எடுக்காமல் உங்கள் முதுகை மட்டும் பார்க்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் தராமல் மாஸ்க் மட்டும் வாங்கித் தரும் ஆசிரியர் பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை.

சின்ஸ் தாக்கப்பட்டதும், எகிப்துக்குப் பெண்களை அனுப்புவதை நிறுத்துங்கள் என்று எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு அறிவுறுத்தியது. எதிர்ப்பு கிளம்பவே அறிக்கையைத் திருத்தியது. எதிர்ப்பு நியாயமானதே. அதே அமைப்பு குண்டுதுளைக்காத அங்கியையும் ஹெல்மெட்டையும் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு இலவசமாக இரவல் தருவதை ஃப்ரீலான்ஸர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் அங்கியை எந்த நாட்டுக்குள் கொண்டுபோகிறீர்கள் என்று பாருங்கள். தாய்லாந்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட ராணுவப் பொருள். 2015ல் ஹாங்காங் புகைப்படச் செய்தியாளர் ஒருவரை அதற்காகவே பாங்காக் விமான நிலையத்தில் பிடித்து வழக்குப் போட்டார்கள். மாஸ்க்குக்கும் சேர்த்து, கிளம்பும் முன்னரே அந்தந்தத் தூதரகத்திடம் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.